நோவில்லாவிட்டாலும் உடலைக் காட்டுங்கள்

“எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, மிஸி.” இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்யும் ஒருவர் எங்கள் பாலியல் நோய்க் கிளினிக்கில் தாதியிடம் சொன்ன முதல் வார்த்தை அது. கர்ப்பிணி மனைவியின் குருதியில் சிபிலிஸ் என்ற பாலுறவால் தொற்றும் நோய் தெரிந்ததால் அவரையும் அழைத்திருந்தோம். வைத்தியர் அவர் கையை வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தார். உள்ளங்கையில் செம்பு நிறத்தில் சிறு புள்ளிகள். அரிப்பில்லை, நோவில்லை. மண்வெட்டிப் பிடி உரசியது என்று அவர் எண்ணியிருந்தார். உள்ளங்காலிலும் அதே புள்ளிகள்.

அவைதான் நோய் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று காட்டின. ஆரம்பக் கட்டமென்றால் பென்சதீன் பெனிசிலின் ஊசி ஒரு தடவை போதும். எப்போது தொற்றியதென்றே தெரியாவிட்டால் வாரம் ஒரு தடவையாக 3 வாரம் போட வேண்டும். குருதி முடிவு மட்டும் இதைச் சொல்லிவிடாது.

ஆகவே உடலையும் பார்க்க வேண்டும், மாதிரியும் எடுக்க வேண்டும். வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து சிறுநீர் கழிக்காதீர்கள். பெண்கள் பெண்ணுறுப்பின் உள்ளே கழுவ வேண்டாம். மருந்துக்கடையில் நுண்ணுயிர்க்கொல்லி வாங்கி விழுங்கிவிட்டு வராதீர்கள். நோய் அரைகுறையாக அடங்கிப் பரிசோதனையை ஏமாற்றிவிடும். அரசாங்கக் கிளினிக்கில் பணமோ கடிதமோ தேவையில்லை.

வாய், உள்ளங்கை, தொடைச்சந்தில் நெறி (வீங்கிய நிணநீர்க் கணு), முன்தோலின் உட்புறம், விதை எல்லாம் பார்க்கப்படும். பெண்களுக்கு வாத்துச் சொண்டு போன்ற கருவியால் கருப்பை வாயைப் பார்ப்போம். அங்கே வரும் சிபிலிஸ் புண் நோகாது, வெளியே கண்ணுக்கும் தெரியாது. சில வாரங்களில் தானே ஆறியும் விடும், நோய் மட்டும் உள்ளே தங்கும். கூச்சமாக இருந்தால் பெண் தாதி அருகில் நிற்கக் கேளுங்கள். நிறுத்தச் சொல்லும் உரிமையும் உங்களுக்குண்டு. வாய்வழி, குதவழி உறவு இருந்திருந்தால் மறைக்காதீர்கள். அங்கிருந்தும் மாதிரி எடுக்க வேண்டும்.

பார்த்ததில் ஒன்றுமில்லை என்றதும் எழுந்து போய்விடாதீர்கள். கிளமிடியா என்ற இன்னொரு பாலியல் நோய் பெரும்பாலான பெண்களில் எந்த அடையாளமும் காட்டாது. சிறுநீர் அல்லது பஞ்சுக்குச்சி மாதிரியில்தான் அகப்படும், அதுவும் உறவுக்கு 2 வாரம் கழித்து. சிபிலிஸுக்கு உறவு நடந்து 3 மாதத்தில் குருதியை மறுபடி பார்க்க வேண்டும். நோய் தெரிந்தால் துணையையும் கூட்டி வாருங்கள்; இருவருக்கும் மருந்து முடிந்து, வைத்தியர் சொல்லும் வரை உறவைத் தவிருங்கள்.

அந்தக் கமக்காரர் 3 மாதம் கழித்து வந்தார். நாங்கள் கேட்குமுன்பே உள்ளங்கையை விரித்துக் காட்டினார். மண்வெட்டிக் காய்ப்பு மட்டும் இருந்தது.