‘ஸ்டாக் இல்லை’ என்றால் விடாதீர்கள்: ராமநாதபுரம் கடலோரத்தில் மின்சாரக் கார் வாங்கும் வழி

ஷோரூமில் பேட்டரிக் கார் கேட்டால் வழக்கமாக மூன்று பதில் வரும்: ஸ்டாக் இல்லை, உங்க ஊருக்குச் சரிவராது, உப்புக்காத்துக்குத் தாங்காது. மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு, மீதி வியாபாரம். பெட்ரோல் வண்டி விற்றால் ஆயில், ஃபில்டர், கிளட்ச் என்று டீலருக்குப் பல வருஷம் சர்வீஸ் வரும்படி. கம்பெனிக்கோ ஏற்கெனவே பணம் போட்ட எஞ்சின் ஆலை ஓடியாக வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் 1996-இல் கலிஃபோர்னியாவிலும் அரிசோனாவிலும் இறக்கிய இவி1 என்ற மின்சாரக் காரைக் குத்தகைக்கு மட்டும் கொடுத்தது. ஓட்டியவர்கள் விலைக்குக் கேட்டும் தராமல் திரும்ப வாங்கி, பெரும்பாலானவற்றை நசுக்கிப் போட்டது. இங்கே மாருதி 2018-இல் 50 மின்சார வேகன்ஆர்களைச் சாலையில் ஓட்டிப் பார்த்தது. அந்தக் கார் கடைக்கு வரவில்லை.

ஆகவே வாயால் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். எந்த மாடல், எந்த பேட்டரி என்று சொல்லி, கம்ப்யூட்டரில் என்கொயரி பதியச் சொல்லி அந்த எண்ணை வாங்குங்கள். பதியாத கேள்வி கம்பெனி கணக்கில் ஏறாது. ஏறாததை வைத்துத்தான் ‘இந்தப் பக்கம் யாரும் கேட்பதில்லை’ என்கிறார்கள். அதையே கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கு மின்னஞ்சலாகவும் அனுப்பிவிடுங்கள். புக்கிங் ரசீதில் வேரியண்ட், நிறம், டெலிவரி தேதி, ரத்தானால் பணம் திரும்புமா என்பது எழுத்தில் இருக்கட்டும். தேதி தள்ளிக்கொண்டே போனால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். மதுரை டீலர் மேல் வழக்கென்றாலும் மதுரைக்கு அலைய வேண்டாம்.

அடுத்து தூரம். விளம்பரத்தில் சொல்லும் தூரத்தை மறந்துவிட்டு, பேட்டரியின் கிலோவாட் மணியை 6-ஆல் பெருக்குங்கள். 30 என்றால் 180 கிலோமீட்டர். ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போய்வர ஏறத்தாழ 110, தாராளம். மதுரைக்கு ஒரு வழியே அவ்வளவு, எனவே அங்கே ஒரு சார்ஜ் வேண்டும். கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வழியாகத் தூத்துக்குடி போவதும் அப்படித்தான். ஆடியில் மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும்போது ராமேஸ்வரத்திலிருந்து மேற்கே திரும்பும் பயணம் எதிர்காற்று. பாம்பன் பாலத்தில் அது நன்றாகவே தெரியும். அன்றைக்கு 6-க்குப் பதில் 5 வைத்துக்கொள்ளுங்கள்.

நிஜமான வேலை வீட்டு வயரிங்தான். 3.3 கிலோவாட் சார்ஜருக்கு மீட்டர் பலகையிலிருந்து தனி லைன்: 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், 20 ஆம்பியர் எம்சிபி (லோடு மீறினால் தானே விழும் ஸ்விட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்சாரம் கசிந்தால் தானே விழும் ஸ்விட்ச்). 7.2 கிலோவாட் என்றால் 6 சதுர மில்லிமீட்டர் வயரும் 40 ஆம்பியர் எம்சிபியும். 20 மீட்டருக்கு மேல் இழுத்தால் 10 சதுர மில்லிமீட்டர் வயர் போடுங்கள். ஆர்சிசிபியில் ‘ஏசி’ வகைதான் கடையில் சும்மா கிடைக்கும், அது வேண்டாம். டிசி கசிவில் அது குருடாகிவிடும். சார்ஜருக்குள்ளேயே 6 மில்லி ஆம்பியர் டிசி கண்காணிப்பு இருந்தால் ‘ஏ’ வகை, இல்லையேல் ‘பி’ வகை. சாதாரண 15 ஆம்பியர் பிளக் பாயின்ட் பத்து மணி நேரச் சுமையில் கறுத்து உருகும். நீல நிற இண்டஸ்ட்ரியல் சாக்கெட் மாட்டுங்கள். மின்வாரியத்தில் அனுமதித்த லோடு போதுமா என்று முதலிலேயே பார்த்து, குறைந்தால் கூட்டச் சொல்லி விண்ணப்பியுங்கள்.

எர்த்தில்தான் நம் பக்கத்து வீடுகள் பெரும்பாலும் தோற்கும். குழி வெட்டி உப்பும் கரியும் கொட்டும் பழைய முறை இங்கே வீண். மண்ணிலேயே உப்பு இருக்கிறது, ஜிஐ பைப்பைச் சில வருஷத்தில் தின்றுவிடும். 3 மீட்டர் செம்புப் பூச்சுக் கம்பி இரண்டை, 3 மீட்டர் இடைவெளியில் இறக்கி இணையுங்கள். அளவு 5 ஓமுக்குள் வர வேண்டும். கார்த்திகையில் ஈரமண்ணில் அளந்தால் நல்லதாகத்தான் காட்டும். சித்திரையில் அளக்கச் சொல்லுங்கள். இணைப்புக் கிளாம்ப் பூசி மூடாமல் குழிமூடிக்குள் இருக்கட்டும், வருஷம் ஒருமுறை திறந்து துருவைச் சுரண்ட.

சாயங்காலம் வோல்டேஜ் இறங்கி சார்ஜ் நின்றால், டைமரை இரவு 11-க்குத் தள்ளுங்கள். கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வைத்திருக்கும் மாவட்டத்தில் இந்த நிலைமை வேடிக்கைதான். சார்ஜ் ஏறும்போது மீட்டர் பலகையில் 220 வோல்ட், சாக்கெட்டில் 200 என்றால் குற்றம் வாரியத்துடையதல்ல, வயர் மெலிசு.

உப்புக்காற்றுக்கு வருவோம். பேட்டரிப் பெட்டி அடைப்பு நன்றாகவே இருக்கும், அதைப் பற்றிய பயம் மிகை. கெடுவது சின்னச் சின்ன இடங்கள். சார்ஜிங் முனையில் பச்சைக் களிம்பு கண்டால் காரை அணைத்துவிட்டு கான்டாக்ட் கிளீனர் அடியுங்கள். கிரீஸ் தடவக் கூடாது, மணலைப் பிடித்துச் சூடாகும். போர் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் அதில் அடிப்பாகத்தைக் கழுவுவதைவிடக் கழுவாமல் விடுவதே மேல். நல்ல தண்ணீரில் 15 நாளுக்கு ஒருமுறை, உயர் வோல்டேஜ் ஓடும் ஆரஞ்சு நிற வயர்கள் மேல் அழுத்தப் பம்பு பிடிக்காமல். வெளிக்கடையில் ஆன்டிரஸ்ட் அடிக்கும்முன் வாரண்டித் தாளைப் படியுங்கள். தனுஷ்கோடி மணலில் இறக்கி, பேட்டரிப் பெட்டி கடல்நீரில் மூழ்கிவிட்டால் ஸ்டார்ட் செய்யவோ சார்ஜ் போடவோ வேண்டாம்; பிளாட்பெட் லாரியில் ஏற்றி, வீட்டிலிருந்து தள்ளி நிறுத்துங்கள்.

டெலிவரி அன்று சேஸிஸ் எண்ணில் உற்பத்தி மாதத்தைப் பாருங்கள். மாதக்கணக்கில் யார்டில் கிடந்த வண்டியில் பெரிய பேட்டரிக்கு முன் சின்ன 12 வோல்ட் பேட்டரிதான் சாகும், அது செத்தால் பெரியது நிறைந்திருந்தாலும் கார் எழும்பாது. மல்டிமீட்டர் கொண்டுபோங்கள்: நிறுத்திய நிலையில் அது 12.4 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் சார்ஜ் ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஏறாவிட்டால் மாற்றித் தந்த பிறகு கையெழுத்து.