பழைய ரூட் 66: பார்க்கப் போகிறவர்களும் காக்க நினைப்பவர்களும் செய்யும் தவறுகள்

சிகாகோவில் தொடங்கி சான்டா மோனிகா கடற்கரையில் முடியும் ஒற்றைச் சாலை என்று அமெரிக்காவின் பழைய நெடுஞ்சாலையான ரூட் 66-ஐ நினைத்துக்கொண்டு புறப்படுவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்தே கிளைக்கின்றன.

1926-இல் இந்த எண் சூட்டப்பட்டபோது புதிதாக ஒரு சாலையை யாரும் போடவில்லை. ஏற்கெனவே இருந்த ஊர்ச் சாலைகளையும் கடைத்தெருக்களையும் கோத்து, எட்டு மாநிலங்கள் வழியாக ஏறத்தாழ 3,900 கிலோமீட்டருக்கு ஒரே எண்ணைக் கொடுத்தார்கள். பிறகு வளைவை நிமிர்த்தவும் நெரிசலைத் தவிர்க்கவும் தடத்தைத் திரும்பத் திரும்ப மாற்றினார்கள். நியூ மெக்சிகோவில் 1937 வரை அது சான்டா ஃபே வழியாகச் சுற்றிக்கொண்டு போனது. அதனால் ஆல்புகர்க்கி நகரில் பழைய தடம் நான்காம் தெரு வழியே வடக்குத் தெற்காகவும், பிந்தையது சென்ட்ரல் அவென்யூ வழியே கிழக்கு மேற்காகவும் ஓடுகின்றன. இரண்டும் வெட்டிக்கொள்ளும் சந்திப்பில் ரூட் 66 தன்னைத்தானே குறுக்கிடுகிறது! ஆகவே "அசல் சாலை எது?" என்று கேட்பதில் பயனில்லை. எந்த ஆண்டுத் தடத்தில் போக விரும்புகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

அடுத்தது கைப்பேசி வரைபடத்தை முழுதாக நம்புவது. 1985 ஜூன் 27 அன்று இந்த எண் அதிகாரப்பூர்வமாக நீக்கப்பட்டுவிட்டது. இன்று அந்தத் தடம் மாநிலச் சாலை, மாவட்டச் சாலை, ஊர்த்தெரு எனத் துண்டு துண்டாக வெவ்வேறு பெயர்களில் கிடக்கிறது. சேருமிடத்தை மட்டும் தட்டினால் வரைபடம் உங்களை ஐ-44, ஐ-40 போன்ற விரைவுச்சாலைகளில் ஏற்றிவிடும். திருப்பத்துக்குத் திருப்பம் வழி சொல்லும் அச்சுக் கையேடு ஒன்று மடியில் இருக்கட்டும். கண்ணும் வேலை செய்யட்டும். பல இடங்களில் பழைய சாலை ரயில் பாதையை ஒட்டியே போகும். விரைவுச்சாலைக்குப் பக்கத்தில் புல் முளைத்த கான்கிரீட் பட்டையோ, எங்கும் சேராமல் நிற்கும் சிறு பாலமோ தெரிந்தால் அநேகமாக அதுதான். ஆனால் எல்லாத் துண்டுகளிலும் வண்டி ஓட்ட முடியாது. சில முட்டுச்சந்தில் முடியும், சில தனியார் நிலத்துக்குள் இருக்கும். வேலி இருந்தால் வெளியே நின்று பார்த்துவிட்டு வருவதுதான் மரியாதை. நியூ மெக்சிகோவில் லகூனா போன்ற பழங்குடி ஊர்களில் படம் எடுப்பதற்குத் தனிக் கட்டுப்பாடுகளும் உண்டு. கேட்காமல் கேமராவைத் தூக்காதீர்கள்.

பெரிய வண்டியில் போவது இன்னொரு தவறு. ஓக்லஹோமாவில் மயாமிக்கும் ஆஃப்டனுக்கும் நடுவே, எண் வருவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 1922-இல் போட்டு முடித்த சாலைத் துண்டு ஒன்று இருக்கிறது. அகலம் ஒன்பதே அடி. எதிரே வண்டி வந்தால் இருவரும் ஒரு பக்கச் சக்கரத்தை ஓரத்து மண்ணில் இறக்கித்தான் கடக்க வேண்டும். 1937 வரை நாட்டின் பெயர்பெற்ற நெடுஞ்சாலை ஒன்றின் போக்குவரத்து இதில்தான் ஓடியது என்பதை அங்கே போய் நின்றால்தான் நம்ப முடியும். ஓரத்தில் இன்றும் பழைய கான்கிரீட் விளிம்பு தெரியும். மழை பெய்த மறுநாள் அங்கே போகாதீர்கள். நீங்கள் சிக்கிக்கொள்வது ஒருபுறம் இருக்க, உங்கள் சக்கரம் அந்த விளிம்பையும் பெயர்த்துவிடும். அரிசோனாவில் சிட்கிரீவ்ஸ் கணவாய் ஏறி ஓட்மன் ஊருக்கு இறங்கும் பாதையிலும் நாற்பது அடிக்கு மேல் நீளமான வண்டிகளுக்கு அனுமதி இல்லை. சுரங்கக்காரர்கள் விட்டுப்போன கழுதைகளின் வழித்தோன்றல்கள் ஓட்மன் தெருவில் சாவகாசமாகத் திரியும். குட்டிகளின் நெற்றியில் 'எனக்குக் கேரட் கொடுக்காதீர்கள்' என்று ஒட்டியிருப்பார்கள். பால் குடிக்கும் வயதில் கேரட் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். ஒட்டியிருந்தும் கொடுப்பவர்களை என்ன சொல்வது!

நினைவுப்பொருள் என்ற பெயரில் நடப்பது சுத்தமான திருட்டு. ரூட் 66 அடையாளப் பலகைகள் களவுபோய்க்கொண்டே இருந்ததால், பல இடங்களில் அந்தச் சின்னத்தைச் சாலையின் மேற்பரப்பிலேயே வரைந்துவிட்டார்கள்.  

காக்க நினைப்பவர்களின் தவறுகள் வேறு மாதிரி. அழகான மோட்டல் (சாலையோரத் தங்கும் விடுதி) முகப்பையும் நியான் பலகையையும் மீட்டுவிட்டு, சாலையை மறந்துவிடுகிறார்கள். இலினாயில் ஆபர்ன் ஊரருகே 1931-இல் கான்கிரீட்டின் மேல் செங்கல் பாவிய பகுதி ஒன்றரை மைல்கூட இல்லை. அதன் மேல் தார் ஊற்றினால் பயணம் சொகுசாகத்தான் இருக்கும், ஆனால் பார்க்க வருவதற்கு ஒன்றும் மிச்சம் இருக்காது. கலிஃபோர்னியாப் பாலைவனத்தில் ஆம்பாய் பக்கத்து மரப்பாலங்களைத் திடீர் வெள்ளம் அடித்துக்கொண்டு போகிறது. அவை மூடப்படும்போது பயணிகளும் வருவதில்லை. வாகனத்தைத் தாங்காத பாலத்தை இடித்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. மிசிசிப்பி ஆற்றின் மேல் நடுவில் வளைந்து திரும்பும் செயின் ஆஃப் ராக்ஸ் பாலத்தில் இன்று நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் போகிறார்கள்.

1950-களின் பளபளப்பை மட்டும் காப்பது எனக்கு அதைவிடப் பெரிய குறையாகத் தெரிகிறது. இதே சாலையில் கறுப்பினத்தவருக்கு இரவு தங்க அறை தர மறுத்த ஊர்கள் பல. அதனால்தான் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதி அஞ்சல்காரர் விக்டர் ஹ்யூகோ கிரீன் 1936 முதல் அவர்களுக்கென்றே பயணக் கையேடு வெளியிட வேண்டியிருந்தது. ஓக்லஹோமாவில் லூதர் அருகே த்ரெட் என்ற கறுப்பினக் குடும்பம் நடத்திய கல்கட்டடப் பெட்ரோல் நிலையம் இன்றும் நிற்கிறது. ஆனால் பெரும்பாலோர் அதைக் கவனிக்காமலே கடந்து போகிறார்கள்.

பணத்தை எங்கே செலவழிக்கிறோம் என்பதும் பாதுகாப்பில் சேர்த்திதான். 1978-இல் ஐ-40 திறந்ததும் அரிசோனாவின் செலிக்மன் கடைத்தெரு ஒரே நாளில் வெறிச்சோடியது. அந்த ஊர் முடிதிருத்துநர் ஏஞ்சல் டெல்கடிலோ 1987-இல் அக்கம்பக்கத்தாரைச் சேர்த்துச் சங்கம் தொடங்கி, மாநில அரசை அந்தத் தடத்தை வரலாற்றுச் சாலையாக அறிவிக்க வைத்தார். பகலெல்லாம் பழைய சாலையில் படம் எடுத்துவிட்டு, இரவில் விரைவுச்சாலை முனையில் இருக்கும், ஊருக்கு ஊர் கிளை வைத்த பெருநிறுவன ஹோட்டலில் படுத்தால் அந்த ஊருக்கு என்ன கிடைக்கும்? பழைய மோட்டல்களைக் கைவிடாமல் நடத்தி வருபவர்களில் குஜராத்திக் குடும்பங்கள் ஏராளம். மற்ற மோட்டல்காரர்கள் சிலர் 'அமெரிக்கர் நடத்துவது' என்று வேண்டுமென்றே பலகை வைத்த காலத்தையும் அவர்கள் தாண்டி வந்திருக்கிறார்கள். அறை வேண்டுமானால் மோட்டலுக்கே நேரடியாகத் தொலைபேசியில் பேசுங்கள். இடைத்தரகு இணையதளத்துக்குப் போகும் கமிஷன் அவர்களிடமே நிற்கும், குளிர்காலத்தில் திறந்திருப்பார்களா என்பதும் தெரிந்துவிடும்.