கிங்டம் ரஷ் ஆடத் தொடங்குபவருக்கு: யார் சொல்வதை எந்த லெவலில் கேட்பது

பாதையில் வரும் எதிரிகளை டவர் கட்டித் தடுக்கும் டவர் டிஃபென்ஸ் விளையாட்டு புதிதாகத் தொடங்குகிறவர் முதலில் மாட்டிக்கொள்வது எதிரியிடம் அல்ல, அறிவுரையிடம். கிங்டம் ரஷ் பற்றி நான்கு பேரிடம் கேட்டுப் பாருங்கள். ஒருவர் பேரக்ஸ் (சிப்பாய்களை அனுப்பும் டவர்) கட்டுவது காசுக்குக் கேடு என்பார். அடுத்தவர் பேரக்ஸ் இல்லாமல் எதுவும் நடக்காது என்பார். பீரங்கியைத்தான் முதலில் கட்ட வேண்டும் என்று ஒருவர், அம்பு டவரே போதும் என்று இன்னொருவர். நான்கு பேருமே பல மணி நேரம் ஆடியவர்களாக இருப்பார்கள். நான்கு பேர் சொல்வதும் ஓரளவு உண்மையாகவும் இருக்கும். ஆனால் அவர்கள் எந்த லெவலில், எந்தக் கடினத்தில் நின்றுகொண்டு பேசுகிறார்கள் என்பது புதியவருக்குத் தெரியாது.

அதனால் ஒவ்வொரு கருத்தையும் அது உண்மையாகப் பயன்படும் இடத்தில் வைத்து, படிப்படியாகச் சொல்கிறேன். நான் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே லெவலை இரண்டு முறை ஆடிப் பார்த்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

இந்த விளையாட்டைச் செய்தது உருகுவே நாட்டின் மொண்டெவிடியோவில் இருக்கும் அயர்ன்ஹைட் என்ற நிறுவனம். மூன்று பேர் சேர்ந்து 2010-இல் தொடங்கியது. 2011-இல் ஃபிளாஷ் விளையாட்டாக பிரவுசரில் வந்தது. பிறகு போனுக்கு வந்து, 2014-இல் கணினி விளையாட்டுக் கடையான ஸ்டீமுக்கும் வந்தது. 2020 முடிவில் அடோபி ஃபிளாஷ் ஆதரவை நிறுத்தியபோது எத்தனையோ பிரவுசர் விளையாட்டுகள் காணாமல் போயின. இது இன்னும் ஆடப்படுகிறது. அந்தப் படங்களின் அழகும் சிப்பாய்களின் குரலும் ஒரு காரணம் என்றாலும், அடிப்படைக் கணக்கு அவ்வளவு சுத்தமாக இருப்பதுதான் முக்கியக் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

படி 1: எந்தப் பதிப்பு, எந்தக் கடினம்

இந்தத் தொடரைப் பற்றி ஆட்டக்காரர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் குறை ஒன்று உண்டு. போன் பதிப்பில் சில ஹீரோக்களை (களத்தில் நாமே நகர்த்திச் சண்டையிட வைக்கும் வீரர்கள்) தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். விளையாட்டுக்கே ஒருமுறை விலை கொடுத்த பிறகு இது எதற்கு என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. முதல் பாகத்தின் ஸ்டீம் பதிப்பில் ஹீரோக்கள் விளையாட்டோடு சேர்ந்தே வருகிறார்கள். கணினி இருந்தால் அதில் ஆடுங்கள்.

போன்தான் இருக்கிறது என்றாலும் கவலை வேண்டாம். ஜெரால்ட், அலேரியா, மாலிக் மூவரும் கதை நகர நகரத் தாமாகவே கிடைப்பார்கள். அவர்களை வைத்தே முழு விளையாட்டையும் முடிக்கலாம். ஹீரோ வாங்கினால்தான் ஜெயிக்க முடியும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

கடினம் நார்மலில் இருக்கட்டும். அதைவிட எளிதான காஷுவலில் தவறுகள் வெளியே தெரியாது. அதைவிடக் கடினமான வெட்டரனில் தவறு தெரியும், ஆனால் எது தவறு என்று புரியாது.

படி 2: முதல் அலையை அழைக்கும் முன் மேப்பைப் பாருங்கள்

முதல் அலை, அதாவது எதிரிகளின் முதல் கூட்டம், நீங்கள் அழைக்கும்வரை வராது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். இதைத் தெரிந்துகொள்ளாமல் அவசரமாக நான்கு இடத்தில் நான்கு டவர் கட்டுவதுதான் எல்லாரும் செய்யும் முதல் வேலை.

எதிரி வரும் பக்கத்தில் மண்டை ஓட்டுக் குறி இருக்கும். அங்கிருந்து வெளியேறும் இடம்வரை பாதையை விரலால் தடவிப் பாருங்கள். பாதை எங்கே வளைகிறது? எந்த வளைவைச் சுற்றி இரண்டு, மூன்று கட்டும் இடங்கள் இருக்கின்றன? இரண்டு பாதைகள் இருந்தால் எங்கே சேருகின்றன? அந்த வளைவோ சந்திப்போதான் உங்கள் களம். வளைவின் உட்பக்கம் இருக்கும் டவர், போகும்போதும் சுடும், திரும்பும்போதும் சுடும். நேர்க்கோட்டின் ஓரத்தில் இருக்கும் டவருக்கு ஒரே வாய்ப்புத்தான்.

படி 3: பேரக்ஸ்

இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். புதியவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான்.

நான்கு வகை டவர்கள் உள்ளன. அம்பு டவர் 70 காசு, பேரக்ஸ் 70, மந்திர டவர் 100, பீரங்கி 125. மற்ற மூன்றும் சுடும். பேரக்ஸ் சுடாது. மூன்று சிப்பாய்களை வெளியே அனுப்பும், அவ்வளவுதான். அந்தச் சிப்பாய்கள் ஆரம்பத்தில் பலவீனமானவர்கள். ஒரு ஓர்க் (முரட்டு அரக்கன்) வந்தால் செத்துவிடுவார்கள். இதைப் பார்த்துத்தான் பேரக்ஸ் வீண் என்கிறார்கள்.

ஆனால் சிப்பாயின் வேலை கொல்வது அல்ல, பிடித்து வைப்பது. ஓடுகிற தண்ணீருக்கு மடை கட்டுவதுபோல.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் புரிவதற்காக நானே வைத்தவை. ஒரு அம்பு டவரின் வட்டத்தை எதிரி கடக்க 6 வினாடி ஆகிறது, டவர் வினாடிக்கு ஒரு அம்பு விடுகிறது என்று வையுங்கள். 280 காசுக்கு நான்கு அம்பு டவர் கட்டினால் அந்த எதிரி மேல் 24 அம்பு விழும். அதே 280 காசுக்கு மூன்று அம்பு டவரும் ஒரு பேரக்ஸும் கட்டி, சிப்பாய்கள் அந்த எதிரியை வட்டத்துக்குள் 10 வினாடி பிடித்து வைத்தால், ஒவ்வொரு டவரும் 16 அம்பு விடும். மொத்தம் 48. சுடுகிற டவர் ஒன்று குறைந்தும் அம்பு இரட்டிப்பாகிவிட்டது.

இந்த ஒரு கணக்கு பிடிபட்டால் விளையாட்டே வேறு மாதிரி தெரியும்.

சரி, அப்படியானால் பேரக்ஸ் வீண் என்று சொன்னவர் பொய் சொன்னாரா? இல்லை. அநேகமாக அவர் சிப்பாய்களைத் தவறான இடத்தில் நிறுத்தியிருப்பார். பேரக்ஸைத் தொட்டால் கொடிக் குறி வரும். அதை அழுத்திப் பாதையில் ஓரிடத்தைக் காட்டினால் சிப்பாய்கள் அங்கே போய் நிற்பார்கள். விளையாட்டு தானாக நிறுத்தும் இடம் பெரும்பாலும் உங்கள் டவர்களின் நடுவில் இருக்காது. கொடியை நகர்த்தாமல் விட்டால் டவர்களின் எல்லைக்கு வெளியே தனியாக நின்று அடிவாங்கிச் சாவார்கள். நானும் முதல் இரண்டு லெவல்களைக் கொடியைத் தொடாமலேயே ஆடினேன். மூன்றாம் லெவலான பக்ராஸில் ஒரே மாலையில் ஏழு முறை தோற்ற பிறகுதான் அந்தக் குறி எதற்கு என்று அழுத்திப் பார்த்தேன்.

இரண்டு விஷயம் நினைவில் இருக்கட்டும். ஒரு சிப்பாய் ஒரு எதிரியைத்தான் பிடிக்க முடியும், மற்றவை தாண்டிப் போகும். பறக்கும் எதிரியை யாரும் பிடிக்க முடியாது.

படி 4: எதிரியைத் தொட்டுப் பாருங்கள்

வரும் எதிரியைத் தொட்டால் அதன் உயிர், அடி, கவசம் எல்லாம் கீழே தெரியும். கவசம் இரண்டு வகை. ஒன்று அம்பு, வாள் போன்ற அடிகளைக் குறைக்கும். மற்றொன்று மந்திரத்தைக் குறைக்கும். டார்க் நைட் போன்ற இரும்புச் சட்டைக்காரர்கள் மேல் அம்பு பட்டாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. மந்திர டவர் வேண்டும். ஓர்க் கூட்டத்தோடு வரும் மந்திரவாதியான ஷாமனும் காட்டுச் சிலந்திகளும் மந்திரத்துக்கு எளிதில் அசையமாட்டார்கள். அவர்களுக்கு அம்பு.

அம்பு டவரே போதும் என்று சொன்னவர் முதல் மூன்று லெவல்களைப் பற்றிப் பேசியிருக்கிறார். அங்கே அது உண்மைதான்.

பீரங்கி கூட்டத்துக்கு. தனியாக வரும் ஒருவன் மேல் குண்டு விழுவதற்குள் அவன் நகர்ந்திருப்பான். பேரக்ஸ் பிடித்து வைத்திருக்கும் கும்பலின் நடுவில் விழுந்தால் மொத்தமும் காலி. ஆகவே பேரக்ஸுக்குப் பிறகே பீரங்கி. பறப்பவற்றைச் சாதாரண பீரங்கி சுடாது என்பதால் கார்காயில் வரும் லெவலில் அம்பும் மந்திரமும் கட்டாயம்.

படி 5: புது டவரா, இருப்பதை உயர்த்துவதா

அம்பு டவர் 70 காசு. அதை இரண்டாம் நிலைக்கு உயர்த்த 110, மூன்றாம் நிலைக்கு 160. போகப் போக ஒவ்வொரு நிலைக்கும் விலை கூடுகிறது. அதனால் புதுசு கட்டுவதே லாபம் என்று ஒரு கட்சி. பரப்பாதே, ஒன்றைப் பலமாக்கு என்று இன்னொரு கட்சி.

நான் செய்வது இது: படி 2-இல் தேர்ந்தெடுத்த வளைவைச் சுற்றியுள்ள நல்ல இடங்களை முதலில் நிரப்புவேன். அவை தீர்ந்ததும் உயர்த்தத் தொடங்குவேன். தூரத்தில் காலியாக இருக்கும் இடம் எவ்வளவு கண்ணை உறுத்தினாலும் கடைசிவரை விட்டுவிடுவேன்.

படி 6: இலவசமாகக் கிடைக்கும் இரண்டு

கீழே இரண்டு பொத்தான்கள் இருக்கும். ஒன்று நெருப்பு மழை. மற்றொன்று இரண்டு விவசாயிகளைத் துணைக்கு அழைப்பது. இரண்டுக்கும் காசு கிடையாது. விவசாயிகள் சுமார் 10 வினாடிக்கு ஒருமுறை தயாராகிவிடுவார்கள். அவர்களைச் சேமித்து வைப்பதில் அர்த்தமே இல்லை. தயாரானதும் சிப்பாய்களின் பக்கத்தில் இறக்குங்கள், இன்னும் இரண்டு எதிரிகள் நிற்பார்கள். நெருப்பு மழைக்கு நீண்ட நேரம் ஆகும். அதை மட்டும், கும்பல் ஓரிடத்தில் சேர்ந்து நிற்கும்வரை பொறுத்து வீசுங்கள்.

படி 7: அலையை முன்கூட்டியே அழைப்பது

அடுத்த அலையின் குறியை நேரத்துக்கு முன்பே அழுத்தினால் கொஞ்சம் காசு கூடுதலாகக் கிடைக்கும். அனுபவசாலிகள் இதை எப்போதும் செய்யச் சொல்வார்கள். அவர்களுக்கு அடுத்து என்ன வரும் என்று மனப்பாடம். நீங்கள் முதல் இரண்டு, மூன்று அலைகளுக்கு மட்டும் செய்யுங்கள். அப்போது கிடைக்கும் சில காசுகள் அடுத்த டவரைச் சீக்கிரம் கட்ட உதவும். பிறகு அந்த லெவலைத் தோற்றோ ஜெயித்தோ முடித்த பின், இரண்டாம் சுற்றில் தாராளமாக அழைக்கலாம்.

படி 8: நட்சத்திரங்களை எங்கே போடுவது

எதிரிகள் தப்பிப் போகப் போகக் குறையும் உங்கள் 20 உயிர்களில் 18-க்குக் குறையாமல் முடித்தால் மூன்று நட்சத்திரம். அவற்றை வைத்து அம்பு, பேரக்ஸ், மந்திரம், பீரங்கி, நெருப்பு மழை, துணைப்படை என்ற ஆறு வரிசைகளில் திறன் வாங்கலாம். துணைப்படைக்கு முதலில் போடச் சொல்பவர்கள் பலர், நானும் அவர்களோடு சேர்ந்தவன். எந்த மேப்பிலும், முதல் வினாடியிலிருந்தே பயன்படுவது அது ஒன்றுதான். தவறாகப் போட்டுவிட்டால் பயப்பட வேண்டாம், எல்லாவற்றையும் திரும்ப எடுத்து வேறு மாதிரி போடலாம். அதற்குக் கட்டணம் இல்லை. சிலந்திகள் வரும் லெவலுக்கு முன் மந்திரத்தில் போட்டதை எடுத்து அம்புக்கு மாற்றுவது நல்ல பழக்கம்.

படி 9: நான்காம் நிலை

ஆட்டக்காரர்கள் அதிகம் சண்டை போடுவது இதைப் பற்றித்தான். ஒவ்வொரு டவரும் நான்காம் நிலையில் இரண்டாகப் பிரியும், ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம்.

அம்பு டவரில் ரேஞ்சர்களா, மஸ்கெட்டியர்களா? ரேஞ்சர்கள் வேகமாக எய்வார்கள், எட்டும் தூரம் குறைவு. மஸ்கெட்டியர்கள் மெதுவாக, வெகுதூரம், பலமாகச் சுடுவார்கள். இடத்தைப் பாருங்கள். பாதையை ஒட்டிய டவர் என்றால் ரேஞ்சர், மூலையில் ஒதுங்கி இருக்கிறது என்றால் மஸ்கெட்டியர். எனக்கு ரேஞ்சர்களை அதிகம் பிடிக்கும். அவர்களிடம் செடிகொடிகளால் எதிரிகளை நிலத்தோடு கட்டிப்போடும் திறன் உண்டு. அந்த நேரத்தில் பீரங்கி வேலை செய்வதைப் பார்க்க வேண்டும்!

மந்திர டவரில் ஆர்கேன் விசார்ட் எதிரிகளைப் பாதையில் பின்னால் தூக்கிப் போடுவான். படி 3-இன் கணக்கை மறுபடி நினைத்துப் பாருங்கள்: நடந்த தூரத்தை மறுபடி நடக்க வேண்டும், எல்லா அம்பையும் மறுபடி வாங்க வேண்டும். சார்சரர் எதிரியை ஆடாக மாற்றுவான், மண் பூதம் ஒன்றையும் வரவழைப்பான். அந்தப் பூதமும் தடுத்து நிற்கும் ஆள்தான்.

பேரக்ஸில் பாலடின்கள் கவசத்தோடு நின்று தாங்குவார்கள், தங்களைத் தாங்களே குணப்படுத்திக்கொள்வார்கள். பார்பேரியன்கள் பலமாக அடிப்பார்கள், ஆனால் சீக்கிரம் விழுவார்கள். கோடாரி எறியும் திறன் வாங்கிக் கொடுத்தால் பறப்பவற்றையும் அடிப்பார்கள். பிடித்து வைப்பதே வேலை என்பதால் புதியவர்களுக்கு நான் பாலடினைத்தான் சொல்வேன். பீரங்கியில் டெஸ்லாவா, பிக் பெர்த்தாவா என்பது உங்கள் விருப்பம். இரண்டையும் வைத்து ஜெயித்திருக்கிறேன்.

படி 10: மூன்று நட்சத்திரம் வந்த லெவலுக்குத் திரும்பிப் போங்கள்

மூன்று நட்சத்திரம் வாங்கிய இடத்தில் ஹீரோயிக், அயர்ன் என்று இரண்டு சவால்கள் திறக்கும். அயர்னில் சில வகை டவர்களைக் கட்டவே விடமாட்டார்கள். எனக்குப் பேரக்ஸ் மட்டும்தான் பிடிக்கும், பீரங்கி பக்கம் போகமாட்டேன் என்ற பிடிவாதமெல்லாம் அங்கே செல்லாது. கையில் இருப்பதை வைத்து வழி தேட வேண்டும். கதையின் கடைசி எதிரியான வெஸ்னானைத் தோற்கடித்த பிறகு இதை ஆடலாம் என்று தள்ளிப் போடாமல், நடுநடுவே ஆடுங்கள். கூடுதல் நட்சத்திரமும் கிடைக்கும்.

அப்புறம், அடுத்து எந்தப் பாகம் என்று கேட்பீர்கள். 2013-இல் வந்த ஃபிரண்டியர்ஸ் முதல் பாகத்தின் முறையையே தொடர்கிறது, நேராக அதற்குப் போகலாம். 2018-இல் வந்த வெஞ்சன்ஸில் நான்கு வகை டவர் என்ற அமைப்பையே மாற்றிவிட்டார்கள். பல டவர்களிலிருந்து ஐந்தைப் பொறுக்கிக்கொண்டு களத்துக்குப் போக வேண்டும். இரண்டாகப் பிரியும் அந்த நான்காம் நிலை போய்விட்டதே என்று பழைய ஆட்டக்காரர்கள் பலருக்கு வருத்தம். 2024-இன் அலையன்ஸிலும் ஐந்து டவர் முறைதான், ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு ஹீரோக்களை இறக்கலாம். ஃபிரண்டியர்ஸை முடித்துவிட்டு அவற்றுக்குப் போங்கள். அந்த வருத்தம் உங்களுக்கும் வருகிறதா என்று அப்போது சொல்லுங்கள்.