பிலோடெண்ட்ரான் குளோரியோசம்: சேம்பு மாதிரி நட்டால் அழுகிவிடும்

கேரள நர்சரிகளில் வாங்கி, ஆரியங்காவு கணவாய் தாண்டி செங்கோட்டை, தென்காசிக்கு வரும் குளோரியோசம் என்ற வெல்வெட் இலை அலங்காரச் செடிகள் பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான் சாகின்றன. தண்டை மண்ணுக்குள் புதைத்துவிடுகிறோம். சேம்பும் சேனையும் இதற்குப் பங்காளிகள், இலையும் இதய வடிவம். கை பழகிய வேலையைத்தான் செய்யும்.

ஆனால் இது கிழங்கு இல்லை. கொலம்பியக் காடுகளில் மரம் ஏறாமல், சருகின் மேல் ஊர்ந்து போகிற தண்டு. அடிப்பக்கக் கணுக்களில் வேர் இறங்கும், முதுகு காற்றில் இருக்கும். தொட்டியிலும் பாதித் தண்டு வெளியே தெரிய வேண்டும். புதைத்தால் சில வாரம் எதுவும் தெரியாது. பழைய இலை ஒன்று மஞ்சளாகும், வயசாகிவிட்டது என்று விட்டுவிடுவோம். சந்தேகம் வந்தால் தண்டை விரலால் அழுத்திப் பாருங்கள். கொழகொழவென்று அமுங்கி நாற்றம் வந்தால், கெட்டியான பகுதி தெரியும் வரை வெட்டி எறிவது ஒன்றுதான் வழி. பால் பட்டால் கை அரிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

உருண்டைத் தொட்டியின் நடுவில் நடுவதும் வீண். 45 செ.மீ. நீளம், 15 செ.மீ. ஆழமுள்ள நீளத்தொட்டி போதும். தண்டின் பின்முனையை ஒரு சுவரோடு ஒட்டி வைத்து, குருத்து வரும் முனைக்கு மிச்ச நீளத்தை விடுங்கள். கொடி ஏறுவதற்காகப் பாசி சுற்றி விற்கும் மாஸ் குச்சி இதற்குத் தேவையே இல்லை, யார் விற்றாலும்.

கலவையில் செம்மண்ணும் வண்டலும் வேண்டாம். ஒரு செ.மீ. அளவு தேங்காய் மட்டைச் சில்லு 4 பங்கு, பெர்லைட் (எடையில்லாத வெள்ளைக் கல் பொரி) 2, மரக்கரித் துண்டு 2, மண்புழு உரம் 1, கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) 1. இங்கே மட்டை மலிவு, ஆனால் கழுவாத மட்டையில் உப்பு இருக்கும். உப்பங்கழியில் ஊறியதென்றால் இன்னும் அதிகம். இலை ஓரம் பழுப்பாகக் கருகுவதைப் பார்த்துத் தண்ணீர் போதவில்லை என்று மேலும் ஊற்றுவார்கள், பாதிக் காரணம் இந்த உப்புதான். சில்லையும் கோகோபீட்டையும் மூன்று நாள், தினமும் தண்ணீர் மாற்றி ஊறவையுங்கள். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் இருந்தால், வடியும் தண்ணீரில் அது காட்டும் எண் ஊற்றிய தண்ணீரின் எண்ணுக்குப் பக்கத்தில் வரும் வரை அலசுங்கள். ஆய்வகத்தில் வளர்த்த திசு வளர்ப்புச் செடியென்றால் வேரைச் சுற்றிய வலைத்துணியைக் கிழித்தெடுத்துவிட்டு நடவும்.

மேல் 3 செ.மீ. காய்ந்த பிறகே தண்ணீர். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரலில் திறந்தவெளியில் விடக்கூடாது. மழையைவிடக் காற்றுதான் மோசம். கணவாய் வழியாக அடிக்கிற அந்தக் காற்றில் நீளமான காம்பு முறுக்கி, இலை ஒன்றோடொன்று உரசும். வெல்வெட் பரப்பில் விழுந்த கீறல் மறையாது. மேற்குப் பக்கம் ஒரு தடுப்பு வைத்தால் போதும், நாலு பக்கமும் அடைத்தால் பூஞ்சைதான் வரும்.

கோடையில் பிரச்சினை தலைகீழ். தென்னை நிழல் போதும் என்று நினைக்காதீர்கள், ஓலை இடுக்கில் விழும் மதிய வெயிலில் இலை வெளுத்துவிடும். 75 சதவீத நிழல் வலை கட்டுங்கள். காற்றில் ஈரம் 60 சதவீதத்துக்குக் கீழே போனால் குருத்து விரியும்போது ஒட்டிக்கொண்டு கிழியும். அதைக் கையால் பிரித்துவிடவே கூடாது. ஈரம் வேண்டுமென்று போர் தண்ணீரை இலையில் தெளித்தால் வெள்ளைத் திட்டு படியும், துணியால் துடைத்தால் பளபளப்புத் தடம் விழும். தரையை நனையுங்கள், அல்லது மழைநீர் பிடித்து வையுங்கள்.

மார்ச் முதல் மே வரை இலையின் அடியில் செஞ்சிலந்திப் பேன் வரும். காலையில் தண்ணீரால் அடிப்பக்கத்தை மெதுவாகக் கழுவுங்கள், வேப்பெண்ணெய் அடித்துவிட்டு வெயிலில் வைத்தால் கருகும். உரம் 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ளது), லிட்டர் தண்ணீருக்கு அரை கிராம், குருத்து ஓடும் காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை. கடலைப் புண்ணாக்குக் கரைசல் இங்கே வேண்டாம்.

இன்னொரு செடி வேண்டுமென்று தண்டை வெட்டி உடனே தூக்குவது கடைசித் தவறு. பின்துண்டில் இரண்டு மூன்று கணுவும் வேரும் இருக்குமாறு தொட்டியிலேயே வெட்டி, அப்படியே விடுங்கள். வெட்டு வாய் காயும் வரை அங்கே தண்ணீர் படக்கூடாது. பின்துண்டில் புது முளை எழுந்து இலை விட்ட பிறகே பிரித்து வையுங்கள்.