நாய் சப்புக் கொட்டினால் உடனே பிஸ்கட்டை எடுக்காதீர்கள்

சாப்பாட்டுத் தட்டு பக்கத்தில் இல்லை, யாரும் எதையும் கொறிக்கவில்லை, ஆனாலும் நாய் நாக்கை நீட்டி மூக்கு நுனி வரை ஒரு சுற்று நக்கிவிட்டு உள்ளே இழுத்துக்கொள்கிறது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும். சப்புக் கொட்டுகிறது, எதையோ விழுங்குகிறது. வீட்டில் உடனே கிளம்பும் வார்த்தை 'பசிக்குது போல'. அடுத்த நிமிடம் பிஸ்கட் டப்பா திறக்கிறது. இந்த விஷயத்தில் நடக்கும் தவறுகளில் பாதி அந்த டப்பாவில்தான் ஆரம்பிக்கின்றன.

பசித்தாலும் நக்கும், யார் இல்லை என்றது. அடுப்பில் கறி வேகும்போது சமையலறை வாசலில் உட்கார்ந்து நாக்கைச் சுழற்றும் நாய்க்கு விளக்கம் தேவையில்லை. சாப்பிட்டு முடித்து மீசையில் ஒட்டியதை நக்குவது, காய்ந்த மூக்கை ஈரமாக்கிக்கொள்வது, பெட்டை நாய் சிறுநீர் போன இடத்தை மோந்துவிட்டு ஆண் நாய் பல்லைக் கடகடவென்று அடிப்பது, எல்லாம் சாதாரணம். சிக்கல் என்னவென்றால், குமட்டினாலும் இதே நாக்குதான், பயந்தாலும் இதே நாக்குதான், பல்லிடுக்கில் எலும்பு மாட்டினாலும் இதே நாக்குதான். அதனால் நாக்கை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாமல், எந்த நேரத்தில், எதற்கு முன்னால், யார் பக்கத்தில் வந்தபோது நக்குகிறது, அப்போது காதும் கண்ணும் வாலும் என்ன செய்கின்றன என்று பார்க்க வேண்டும். இவ்வளவுதான் விஷயம், ஆனால் இதைத்தான் பலரும் செய்வதில்லை.

காரில் ஏற்றிய பத்தாவது நிமிடம் நாக்கு சுழல ஆரம்பித்து, எச்சில் கோடாக ஒழுகி, நடுநடுவே கொட்டாவியும் வந்தால் அது பசியல்ல, குமட்டல். பாவமாக இருக்கிறதே என்று இரண்டு பிஸ்கட் கொடுத்தால் அடுத்த வளைவில் சீட்டைக் கழுவ வேண்டியிருக்கும் (ஏற்காடு, கொடைக்கானல் மலைப்பாதை என்றால் கேட்கவே வேண்டாம்). கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிடுங்கள், ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள், நடுவில் நிறுத்தி நடக்க விடுங்கள். அப்படியும் அடங்காவிட்டால் டாக்டர் எடை பார்த்து மருந்து எழுதித் தருவார். உங்களுக்கு வாங்கி வைத்த மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுக்கும் வேலை மட்டும் வேண்டாம்.

விடியற்காலைக் கதை வேறு. ராத்திரி ஏழு மணிக்குச் சாப்பிட்ட நாய் காலை எட்டு வரை வெறும் வயிற்றோடு கிடக்கும்போது, சில நாய்களுக்குப் பித்தநீர் இரைப்பைக்குள் ஏறி எரிச்சல் கொடுக்கும். ஐந்து மணிக்கே எழுந்து சப்புக் கொட்டும், தரையை நக்கும், கதவைப் பிராண்டி வெளியே போய்ப் புல்லைத் தின்னும், கடைசியில் மஞ்சள் நுரையாக வாந்தி எடுக்கும். பயந்துபோய் அன்று முழுக்கப் பட்டினி போடுகிறார்கள். வெறும் வயிறுதான் காரணம் என்றால் பட்டினி அதை இன்னும் கிளறும். படுக்கப்போகும் முன் கொஞ்சமாக ஏதாவது கொடுத்துப் பாருங்கள், பல நாய்களுக்கு அதிலேயே நின்றுவிடும். நிற்கவில்லை, எடை குறைகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்றால் பரிசோதனைதான். தரை, சுவர், சோபா என்று கண்டதையெல்லாம் மணிக்கணக்கில் நக்கும் நாயை 'போரடிக்குது அதுக்கு' என்று விட்டுவிடுகிறோம் இல்லையா, கனடாவின் மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தில் அப்படிப்பட்ட 19 நாய்களைப் பரிசோதித்தபோது 14 நாய்களுக்கு வயிறு, குடல் சார்ந்த கோளாறு இருந்தது.

எல்லாவற்றையும் விட ஆபத்தான தவறு, பயத்தில் நக்குவதைப் பாசம் என்று நினைப்பது. பிறந்தநாள் போட்டோ எடுக்கிறார்கள் என்று வையுங்கள். குழந்தை நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கன்னத்தோடு கன்னம் வைத்து அழுத்துகிறது. நாய் அசையவில்லை. வாய் இறுக மூடியிருக்கிறது, காது பின்னால் மடிந்திருக்கிறது, முகம் குழந்தையை விட்டு மறுபக்கம் திரும்புகிறது, கண்ணோரத்தில் வெள்ளை தெரிகிறது, நாக்கு ஒரு நொடி வெளியே வந்து மூக்கைத் தொட்டுவிட்டுப் போகிறது. 'பாப்பாவுக்கு முத்தம் குடுக்குது பாரு' என்று சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். முத்தமா அது? கொஞ்சம் தள்ளிப் போ என்று நாய் தனக்குத் தெரிந்த மரியாதையான வழியில் சொல்கிறது. நார்வே நாட்டுப் பயிற்சியாளர் தூரித் ரூகாஸ் இப்படிப்பட்ட சைகைகளைத் தொகுத்து, சண்டையைத் தவிர்க்க நாய்கள் இவற்றைக் காட்டுகின்றன என்று பல காலமாகச் சொல்லி வந்திருக்கிறார். இது கேட்கப்படாமலே போனால் அடுத்து உறுமல், அதற்கும் அடுத்து கடி. அந்த உறுமலுக்கு அடி போடுவது இன்னும் மோசம். உறுமக் கூடாது என்று கற்றுக்கொண்ட நாய் ஒருநாள் நேராகக் கடிக்கும், அப்புறம் 'திடீர்னு கடிச்சிடுச்சு' என்பார்கள். திடீரென்று ஒன்றும் இல்லை.

செருப்பைக் கடித்துவிட்டு தலையைத் தொங்கப்போட்டு உதட்டை நக்கும் நாயைப் பார்த்து 'செஞ்ச தப்பு அதுக்கே தெரியுது' என்பதும் இதே வகைதான். நாய்களின் நடத்தையை ஆராயும் அமெரிக்காவின் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், தின்னாத தீனியைத் தின்றதாக நம்பி உரிமையாளர் திட்டினாலும் நாய்கள் அந்தக் குற்றவாளி முகத்தைக் காட்டின. அதாவது அது பார்த்தது தன் தப்பை அல்ல, உங்கள் முகத்தை. 2017-ல் பிரேசிலின் சாவோ பாலோ, பிரிட்டனின் லிங்கன் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் வெளியிட்டதும் இதோடு பொருந்துகிறது: நாய்கள் கோபமான மனித முகத்தின் படத்தைப் பார்த்தபோது வாயை அதிகம் நக்கின, கோபக் குரலைக் கேட்டதற்கு அப்படிச் செய்யவில்லை. சரி, என்ன செய்யலாம்? குழந்தையைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். நீங்கள் தடவும்போதும் சில நொடி கழித்துக் கையை எடுத்துப் பாருங்கள். ஒட்டி வந்து இன்னும் கேட்டால் பிடித்திருக்கிறது. உடம்பை ஒருமுறை உதறிவிட்டு நகர்ந்தால் விட்டுவிடுங்கள்.

அடுத்து, வாயைத் திறந்தே பார்க்காமல் வயிற்றுக்கு சிரப் கொடுப்பவர்கள். ஞாயிற்றுக்கிழமை கோழி எலும்பு போட்ட மாலையில் நாய் ஓயாமல் வாயை மெல்கிறது, முன்னங்காலால் முகத்தைப் பிராண்டுகிறது என்றால் மேலண்ணத்தைப் பாருங்கள். இரண்டு பக்கக் கடைவாய்ப்பற்களுக்கும் நடுவே கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டதுபோல ஒரு எலும்புத் துண்டு குறுக்கே மாட்டியிருக்கலாம். வெந்த எலும்பு சிலும்பு சிலும்பாக உடையும், அதனால்தான் அதைப் போடவே வேண்டாம் என்பது. நாக்குக்கு அடியில் நூல் தெரிந்தால் இழுக்காதீர்கள், மறுமுனை குடலில் இருக்கக்கூடும். எலும்பு ஒன்றும் இல்லை, ஆனால் ஈறு சிவந்து, பல்லில் மஞ்சளாகக் காறை படிந்து, வாய் நாறுகிறது என்றால் பல்வலி. அதற்கு நம் டூத்பேஸ்டைப் போட்டுத் தேய்க்காதீர்கள், சிலவற்றில் உள்ள சைலிட்டால் என்ற இனிப்பூட்டி நாய்க்கு விஷம்.

ஒரு விதிவிலக்கு உண்டு, இதைக் கொஞ்சம் உரக்கவே சொல்ல வேண்டும். தடுப்பூசி போட்டதா இல்லையா என்றே தெரியாத நாய், தெருநாயோ வீட்டு நாயோ, எச்சில் ஒழுக, கீழ்த்தாடை தொங்க, விழுங்க முடியாமல், குரல் மாறி நின்றால் தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று கையை உள்ளே விடாதீர்கள். வெறிநோயிலும் நாய் அப்படித்தான் இருக்கும். எச்சில் உங்கள் கை வெட்டுக்காயத்தில் பட்டாலே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், கடித்தால்தான் ஊசி என்று காத்திருக்கக் கூடாது.

குட்டிகளில் இன்னொன்று. கூப்பிட்டாலும் திரும்பாமல், சூயிங்கம் மெல்வதைப் போலத் தாடை மட்டும் தானாக ஆடி, வாயில் நுரை தள்ளினால் அது வலிப்பு; தடுப்பூசி போடாத குட்டி என்றால் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். இங்கேயும் சாவிக்கொத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வருபவர்கள் உண்டு. நாய் அதை எந்தக் கையால் பிடிக்கும் என்று தெரியவில்லை. வாயில் எதையும் திணிக்காதீர்கள், பக்கத்தில் இருக்கும் பொருட்களை நகர்த்துங்கள், முடிந்ததும் டாக்டரிடம் போங்கள்.

கைவைத்தியத்தில் உப்புத்தண்ணீரை ஊற்றி வாந்தி எடுக்க வைப்பதை அடியோடு விடுங்கள், ரத்தத்தில் உப்பு ஏறி நாயே போய்விடலாம். விளக்கெண்ணெயை மூக்கைப் பிடித்து ஊற்றினால் நுரையீரலுக்குள் போகும். வலிக்கிறதோ என்று நமக்கான ஐபுப்ரோஃபென், பாராசிட்டமால் மாத்திரைகளைக் கொடுப்பதும் ஆபத்துதான். மழைக்காலத்தில் தேரையைக் கவ்விவிட்டு நுரை தள்ளினால் வாயைப் பக்கவாட்டில் சாய்த்து, உள்ளே இறங்காதபடி தண்ணீரால் அலசி, துணியால் துடைத்துவிட்டு டாக்டரிடம் கிளம்புங்கள்.

அகலம் குறைந்து ஆழமாக நெஞ்சுள்ள பெரிய நாய்கள், ஜெர்மன் ஷெப்பர்ட், கிரேட் டேன் மாதிரி, வாந்தி வருவதுபோல ஓங்கரித்தும் ஒன்றும் வராமல், வயிறு உப்பி, உதட்டை நக்கிக்கொண்டே இடம் மாறி மாறி நின்றால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம், அதற்கு அறுவை சிகிச்சைதான் வழி. ஈறு வெளுத்தோ நீலம் பாய்ந்தோ இருந்தாலும் அப்படியே.

மற்ற நேரத்தில் டாக்டரிடம் போவதற்கு முன் செல்போனில் அரை நிமிட வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனை மேஜையில் ஏற்றினால் எந்த நாயும் பயத்தில் உதட்டை நக்கும், வீட்டில் நக்கியது எப்படி என்று அங்கே தெரியாது. எத்தனை மணிக்கு, சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்து, கடைசியாக என்ன தின்றது, உண்ணி பார்த்தீர்களா, தடுப்பூசி அட்டை எங்கே, இதெல்லாம் அவர் கேட்பார். வயதான நாய் என்றால் ரத்தப் பரிசோதனையும் எழுதுவார், சிறுநீரகம் கெட்டால் குமட்டலும் வாய்ப்புண்ணும் வரும் என்பதால்.