குரோமோசோமை எண்ணுவதில் தொடங்கும் தவறுகள்

மனித உடல் செல் ஒன்று எஸ் நிலையை முடித்துவிட்டது, டிஎன்ஏ முழுவதும் இரட்டித்தாகிவிட்டது. இப்போது அதில் எத்தனை குரோமோசோம்கள்? கேட்டவுடன் 92 என்று சொல்லத்தான் வாய் வரும். சரியான விடை 46. இரட்டித்தது டிஎன்ஏ மட்டும்தான். ஒவ்வொரு குரோமோசோமும் இப்போது இரண்டு குரோமாட்டிட்களோடு (ஒரே மாதிரியான இரண்டு பிரதிகளோடு) நிற்கிறது, அவை சென்ட்ரோமியர் பகுதியில் ஒட்டிக்கொண்டிருக்கும் வரை கணக்கில் ஒன்றுதான். எண்ணும்போது கைகளை எண்ணாதீர்கள், சென்ட்ரோமியரை எண்ணுங்கள். அனாஃபேஸில், அதாவது பகுப்பில் இவை பிரிந்து எதிரெதிர்ப் பக்கம் போகும் கட்டத்தில், அந்த ஒட்டு விட்டுப்போனதும் ஒவ்வொரு குரோமாட்டிட்டும் தனிக் குரோமோசோமாகிவிடுகிறது, அந்தக் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் செல்லுக்குள் உண்மையிலேயே 92 இருக்கும், அப்புறம் செல் இரண்டாகி ஆளுக்கு 46.

டிஎன்ஏ அளவுக்கு வேறு கணக்கு. அதையும் குரோமோசோம் எண்ணிக்கையையும் ஒரே வரியில் எழுதப்போய்த்தான் பலர் குழம்புகிறார்கள். எஸ் நிலைக்கு முந்தைய ஜி1 நிலையில் டிஎன்ஏ இரண்டு பங்கு என்று வைத்துக்கொண்டால் எஸ் முடிந்ததும் நான்கு பங்கு, ஆனால் குரோமோசோம் அப்போதும் 46.

விந்தணுவையும் கருமுட்டையையும் உருவாக்கும் இரட்டைப் பகுப்பான மியாசிஸுக்கு வந்தால் இதே குழப்பம் இன்னும் கடுமையாகிவிடும். குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகக் குறைவது இரண்டாவது பகுப்பில் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். இல்லை, முதல் பகுப்பிலேயே குறைந்துவிடுகிறது, ஏனென்றால் அங்கே பிரிவது ஜோடி சேர்ந்த ஒத்த குரோமோசோம்கள் (தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று). முதல் பகுப்பு முடிந்த செல்லில் 23 குரோமோசோம், ஒவ்வொன்றிலும் இரண்டு குரோமாட்டிட், டிஎன்ஏ அளவோ ஜி1-இல் இருக்கும் சாதாரண உடல் செல்லுக்குச் சமமான அதே இரண்டு பங்கு. எண்ணிக்கையில் ஒற்றைமயம் (ஒரே ஒரு தொகுதி), டிஎன்ஏவில் இரண்டு பங்கு, இது முரண் மாதிரித் தெரிந்தாலும் முரண் இல்லை. இரண்டு பகுப்புகளுக்கும் நடுவில் எஸ் நிலை கிடையாது, அதனால் இரண்டாவது பகுப்பில் குரோமாட்டிட்கள் பிரிந்ததும் டிஎன்ஏ ஒரு பங்காகிவிடும், குரோமோசோம் எண்ணிக்கை 23 ஆகவே இருக்கும்.

செல் ஒரு பகுப்பை முடித்து அடுத்த பகுப்புக்குப் போகும் வரை உள்ள இடைநிலையை 'ஓய்வு நிலை' என்று எழுதுவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஆய்வகத்தில் வேகமாகப் பெருகும் மனித செல் ஒரு சுழற்சிக்குச் சுமார் 24 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது என்றால், அதில் மைட்டாசிஸ், அதாவது உட்கரு பிரிவது, ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். மீதி நேரமெல்லாம் செல் வளர்கிறது, டிஎன்ஏவைப் பிரதியெடுக்கிறது, பிரதியில் பிழை இருக்கிறதா என்று சரிபார்க்கிறது. பகுப்புச் சுழற்சியை விட்டே விலகி நிற்கும் செல்களுக்கு ஜி0 என்று தனிப் பெயர் இருக்கிறது, அதையும் ஓய்வு என்று சொல்லிவிட முடியாது. நரம்பு செல் பிரிவதில்லை என்பதற்காக அது சும்மா இருக்கிறதா என்ன?

அடுத்தது பெயர்க் குழப்பம். சென்ட்ரோமியர், சென்ட்ரோசோம், சென்ட்ரியோல் மூன்றும் ஒரே ஓசையில் இருப்பதால் அவசரத்தில் ஒன்றை எழுதப்போய் இன்னொன்று வந்துவிடும். சென்ட்ரோமியர் குரோமோசோமின் ஒரு பகுதி, அதாவது டிஎன்ஏ. அதன்மேல் உட்காரும் புரத அமைப்பு கைனட்டோகோர், குரோமோசோம்களை இழுத்துப் பிரிக்கும் கதிர்கோலின் இழை வந்து பிடிப்பது இதைத்தான். சென்ட்ரோசோம் உட்கருவுக்கு வெளியே இருந்து நுண்குழல்களை (புரதத்தால் ஆன நுண்ணிய குழாய்களை) கிளப்பிவிடும் மையம், விலங்கு செல்லில் அதற்குள் இருக்கும் இரண்டு குட்டி உருளைகள்தான் சென்ட்ரியோல்கள். இவை இல்லாவிட்டால் கதிர்கோலே உருவாகாது என்று நினைப்பதும் தவறு. பூக்கும் தாவரங்களுக்குச் சென்ட்ரியோலே கிடையாது, மனிதக் கருமுட்டையின் மியாசிஸும் அது இல்லாமல்தான் நடக்கிறது.

மைட்டாசிஸ் என்பது உட்கரு பிரிவது, சைட்டோகைனசிஸ் என்பது சைட்டோபிளாசம் பிரிவது, முதலாவது நடந்தால் இரண்டாவதும் நடந்தே தீர வேண்டும் என்பதில்லை. கல்லீரலில் இரண்டு உட்கரு உள்ள செல்கள் சாதாரணமாகவே கிடைக்கும். எலும்புத்தசை இழையில் ஏராளமான உட்கருக்கள் இருப்பதைப் பார்த்து அதையும் இதே கணக்கில் சேர்த்துவிடாதீர்கள், அது தனித்தனி செல்கள் ஒன்றாக இணைந்ததால் வந்தது. விலங்கு செல் வெளியிலிருந்து உள்நோக்கி இறுக்கிப் பிரிகிறது, தாவர செல் நடுவில் தட்டு ஒன்றைக் கட்டி அதை ஓரம்வரை நீட்டுகிறது.

அந்த இறுக்கும் வளையம் ஆக்டின், மயோசின் என்ற புரதங்கள் சேர்ந்தது, கதிர்கோல் நுண்குழல்களால் ஆனது. ஆக்டின், நுண்குழல் என்ற இந்த இரண்டு பொருள்களை மனதில் வைத்துக்கொண்டு செல்லின் மேற்பரப்பைப் பார்த்தால், அங்கே நடக்கும் குழப்பத்தில் பாதி அப்படியே தீர்ந்துவிடும். நான் படித்த காலத்தில் யாராவது இதை முதல் நாளே சொல்லியிருந்தால் எவ்வளவோ மனப்பாடம் மிச்சமாகியிருக்கும்.

நுண்ணுறிஞ்சிகளும் (மைக்ரோவில்லை) குறுயிழைகளும் (சிலியா) படத்தில் பார்க்க ஒரே மாதிரி, செல்லின் தலைப்பக்கம் முடி முளைத்தது போல. ஆனால் நுண்ணுறிஞ்சியின் உள்ளே இருப்பது ஆக்டின் கற்றை, நீளம் சுமார் ஒரு மைக்ரோமீட்டர், தானாக வீசி அசையாது, வேலை பரப்பளவைக் கூட்டுவது. குறுயிழையின் உள்ளே இருப்பது நுண்குழல்கள், ஓரத்தில் ஒன்பது ஜோடி, நடுவில் இரண்டு, அதைத்தான் 9+2 என்கிறோம். நீளமும் பல மடங்கு அதிகம். டைனின் என்ற புரதத்தின் வலுவில் அது துடுப்புப் போடுவது போல அடிக்கிறது. குறுயிழை என்றாலே அசையும் என்று முடிவு கட்டிவிடவும் வேண்டாம், உடலின் பெரும்பாலான செல்களில் ஒற்றையாக நீட்டிக்கொண்டிருக்கும் முதன்மைக் குறுயிழைக்கு நடு ஜோடி கிடையாது, அது பெரும்பாலும் அசையாமல் சமிக்ஞை வாங்கும் கம்பி போல நிற்கிறது.

இந்த வரிசையில் மிகப் பெரிய பொறி ஸ்டீரியோசிலியா. பெயரிலேயே சிலியா இருக்கிறது, ஆனால் அது சிலியாவே இல்லை! எபிடிடிமிஸிலும் (விந்தணு முதிரும் குழாய்) உட்செவியின் மயிர் செல்களிலும் இருக்கும் இவை நீண்ட நுண்ணுறிஞ்சிகள்தான், உள்ளே ஆக்டின். பெயர் வைத்தவர்கள் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள், பரீட்சையில் மாட்டிக்கொள்வது நாம். இன்னொரு சறுக்கல், குடலுறிஞ்சியையும் நுண்ணுறிஞ்சியையும் ஒன்றாக்குவது. குடலுறிஞ்சி என்பது பல்லாயிரம் செல்கள் போர்த்திய விரல் போன்ற திசு, நுண்ணுறிஞ்சியோ அந்தச் செல் ஒவ்வொன்றின் மேலும் இருக்கும் சவ்வு நீட்சி. பாக்டீரியாவின் கசையிழைக்கும் 9+2 அமைப்பு கிடையாது, அது ஃபிளஜெலின் என்ற புரதத்தால் ஆனது, அடிப்பதற்குப் பதிலாகத் திருகு போலச் சுழல்கிறது.

குறுயிழையின் அடியில் இருக்கும் அடித்திரளும் சென்ட்ரியோலும் அமைப்பில் ஒன்றுதான், மூன்று மூன்றாக ஒன்பது நுண்குழல் தொகுதிகள். சொல்லப்போனால் முதன்மைக் குறுயிழை உள்ள செல் பிரியத் தயாராகும்போது அதைப் பெரும்பாலும் உள்ளே இழுத்துக்கொண்டுவிடுகிறது, சென்ட்ரியோல் கதிர்கோல் வேலைக்குப் போக வேண்டுமே. கார்டஜெனர் நோய்க்குறியில் அடிக்கடி வரும் நுரையீரல் தொற்று, ஆணின் மலட்டுத்தன்மை, இதயம் வலப்பக்கம் இருப்பது என்று மூன்றும் சேர்ந்து வருவதை ஏதோ தொடர்பில்லாத பட்டியல் மாதிரி மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை: மூச்சுப்பாதையில் சளியைத் தள்ளுவதும், விந்தணுவின் வாலும், கருவில் இடம் வலம் தீர்மானிப்பதும் எல்லாம் அசையும் இழைகளின் வேலை, அவை அடிக்காவிட்டால் மூன்றும் கெடும்.

செல் இணைப்புகளில் ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். ஹெமிடெஸ்மோசோம் என்பது பாதி டெஸ்மோசோம் இல்லை. நுண்ணோக்கியில் அப்படித் தெரிந்ததால் வந்த பெயர். டெஸ்மோசோம் பக்கத்து செல்லைப் பிடிப்பது, அதன் புரதங்கள் கேட்ஹெரின் குடும்பம். ஹெமிடெஸ்மோசோம் செல்லுக்கு அடியில் உள்ள அடித்தளச் சவ்வைப் பிடிப்பது, அதில் இருப்பது இன்டெக்ரின் என்ற வேறு புரதம்.

சரி, குரோமோசோம் கோளாறுகள். 21ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருக்கும் டவுன் நோய்க்குறியைப் பாலிபிளாய்டி என்று எழுதுவது அடிக்கடி நடக்கிறது. ஒரே ஒரு குரோமோசோம் கூடினால் அது அன்யூபிளாய்டி, மொத்தம் 47. முழுத் தொகுதி ஒன்று கூடினால்தான் பாலிபிளாய்டி, மனிதனில் அது 69.

குரோமோசோம் பிரியாமை மியாசிஸின் எந்தப் பகுப்பில் நடந்தது என்று பார்க்காமல் விடை எழுதினாலும் மாட்டிக்கொள்வோம். முதல் பகுப்பில் ஒரு ஜோடி பிரியாவிட்டால் கிடைக்கும் நான்கு செல்களுமே கோளாறானவை, இரண்டில் ஒன்று கூடுதல், இரண்டில் ஒன்று குறைவு. இரண்டாவது பகுப்பில், இரண்டு செல்களில் ஒன்றில் மட்டும் தவறினால், நான்கில் இரண்டு சரியாகவே இருக்கும். இதை வைத்துக்கொண்டு எக்ஸ்ஒய்ஒய் (ஒரு ஒய் கூடுதலாக உள்ள ஆண்) எப்படி வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு ஒய்யும் ஒரே விந்தணுவில் வந்திருக்க வேண்டும், அப்படியென்றால் ஒய்யின் இரண்டு குரோமாட்டிட்கள் பிரியவில்லை, அதாவது தந்தையின் இரண்டாவது பகுப்பு. எக்ஸ்எக்ஸ்ஒய்க்குத் தந்தை காரணம் என்றால் அது முதல் பகுப்பு, எக்ஸும் ஒய்யும் பிரியாமல் சேர்ந்தே போயிருக்கின்றன. தாய் காரணம் என்றால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம்.

டவுன் நோய்க்குறிக்கும் தாயின் வயதுக்கும் உள்ள தொடர்பை 35-இல் இருக்கும் ஒரு பள்ளம் போலப் பேசுகிறார்கள். வாய்ப்பு படிப்படியாகத்தான் ஏறுகிறது, 25 வயதில் சுமார் 1,250 பிறப்புகளில் ஒன்று, 35-இல் 350 முதல் 400-இல் ஒன்று, 40-இல் 100-இல் ஒன்று. பெண்ணின் கருமுட்டைகள் அவள் பிறப்பதற்கு முன்பே மியாசிஸைத் தொடங்கி, அதன் தொடக்கக் கட்டமான முதல் புரோஃபேஸிலேயே பல பத்தாண்டுகள் காத்திருக்கின்றன என்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம். இளம் வயதுத் தாய்மாருக்கும் இப்படிக் குழந்தைகள் பிறக்கிறார்கள், பெற்றோரின் குரோமோசோம்களைப் பார்த்தால் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும், யாரிடமிருந்து வந்தது என்று குடும்பத்துக்குள் விசாரணை வைப்பதில் அர்த்தம் இல்லை.

டர்னர் நோய்க்குறியில் ஒரே எக்ஸ், அதனால் பார் உடலம் (செயலிழந்து சுருண்ட எக்ஸ்) கிடையாது. கிளைன்ஃபெல்டரில் (எக்ஸ்எக்ஸ்ஒய்) ஆணாக இருந்தும் ஒன்று உண்டு. எத்தனை எக்ஸோ அதில் ஒன்று கழித்தால் பார் உடலத்தின் எண்ணிக்கை, ஆண் பெண் என்று பார்த்து எழுதாதீர்கள். ஒருவகை ரத்தப் புற்றுநோயில் காணப்படும் ஃபிலடெல்பியா குரோமோசோமை 1960-இல் கண்டபோது 22ஆம் குரோமோசோம் வழக்கத்தைவிடக் குட்டையாகத் தெரிந்தது, ஏதோ துண்டு தொலைந்துவிட்டது போல. 1973-இல் மரபியலாளர் ஜேனட் ரவுலி காட்டினார், தொலையவில்லை, 9-உடன் துண்டு மாற்றிக்கொண்டிருக்கிறது என்று. ஆக அது நீக்கம் இல்லை, இடப்பெயர்ச்சி. அதுவும் ரத்தம் உருவாக்கும் செல்லில் வாழ்நாளில் நேர்ந்தது, பிள்ளைகளுக்குப் போகாது.

எண்ணுவதில் சறுக்கியது நாம் மட்டும் இல்லை. மனிதனுக்கு 48 குரோமோசோம் என்று 1920களிலிருந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் எல்லோரும் நம்பினார்கள், 1956-இல் ஜோ ஹின் ட்ஜியோவும் ஆல்பர்ட் லெவனும்தான் 46 என்று எண்ணிக் காட்டினார்கள். இன்றைக்கு நாம் சறுக்குவது வேறு மாதிரி: 46 என்று அறிக்கை வந்தால் எல்லாம் சரி, 45 அல்லது 47 என்றால் கோளாறு என்று நினைத்துக்கொள்கிறோம். அரிவாள் செல் சோகை டிஎன்ஏவில் ஒரே ஒரு எழுத்து மாறியதால் வருவது, குரோமோசோம் படத்தில் அது தெரியவே தெரியாது. டவுன் நோய்க்குறி உள்ளவர்களிலேயே நூற்றில் மூன்று நான்கு பேருக்கு மொத்த எண்ணிக்கை 46 ஆகவே இருக்கும், கூடுதல் 21 ஆனது 14 போன்ற இன்னொரு குரோமோசோமில் ஒட்டிக்கொண்டிருப்பதால். அதே ஒட்டை வைத்திருக்கும் தாய்க்கோ தந்தைக்கோ எண்ணினால் 45, ஆள் முழு ஆரோக்கியம், ஏனென்றால் முக்கியமான மரபணுக்கள் எதுவும் குறையவில்லை. பெற்றோரைப் பரிசோதிப்பது மிகவும் அவசியமாவது இங்கேதான். ஒட்டியிருப்பது 14-உம் 21-உம் என்றால் இயல்பான குழந்தைக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. இரண்டு 21-களும் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால், பிறக்கும் குழந்தைகள் அனைவருக்குமே டவுன் நோய்க்குறி இருக்கும்.