ரூட் பண்ற ஐடியா இருக்கா? முதல்ல இதைப் பாருங்க

டிராயர்ல சும்மா கிடக்குற பழைய ஆண்ட்ராய்டு போன்ல ரூட் பண்ணிப் பாருங்க, தினமும் ஜிபே பண்ற போன்ல மட்டும் கை வைக்காதீங்க. ரூட்னா லினக்ஸ்ல இருக்குற அதே அட்மின் அதிகாரம்தான், கம்பெனி பூட்டி வச்சதோட சாவி நம்ம கைக்கு வருது, கூடவே வந்த வேண்டாத ஆப்பைத் தூக்கலாம், எல்லா ஆப்லயும் நிறைய விளம்பரத்தை அடைக்கலாம், ஆப்பை டேட்டாவோட பேக்கப் எடுக்கலாம்.

ஆனா முதல் படியா பூட்லோடரை (போன் ஆன் ஆகும்போது ஆண்ட்ராய்டை ஏத்துற புரோகிராம்) அன்லாக் பண்ணும்போதே போன்ல இருக்குற எல்லாம் அழிஞ்சிரும் (வீட்டு போட்டோவை காப்பி எடுக்காம பண்ணி நான் வாங்கின திட்டு தனிக்கதை). அப்புறம் மேஜிஸ்க்ங்கிற ரூட் பண்ற ஆப்ல பூட் இமேஜை (போன் ஸ்டார்ட் ஆகத் தேவையான சிஸ்டம் ஃபைல்) பேட்ச் பண்ணி, அதைப் போன்ல ஃபிளாஷ் பண்ணணும், அதாவது ஏத்தணும், அந்த ஃபைல் உங்க போன்ல இப்ப ஓடுற அதே பில்ட் நம்பரோடதா (சாஃப்ட்வேர் வெர்ஷன் நம்பர்) இருக்கணும், மாறிப் போச்சுன்னா லோகோலயே நின்னாலும் நிக்கும், அதனால ஒரிஜினல் ஃபைலை கம்ப்யூட்டர்ல பத்திரமா வைங்க, திரும்ப ஏத்திக்கலாம்.

ரூட் பண்ணின போன்ல பேங்க் ஆப் பல திறக்காது. சாம்சங்ல ரூட் பண்ணினா நாக்ஸ் ஃபியூஸ் (ஹார்டுவேர்ல இருக்குற ஒரு பாதுகாப்பு அடையாளம்) போயிரும், போனா போனதுதான், அன்ரூட் பண்ணினாலும் செக்யூர் ஃபோல்டர் (ரகசிய ஃபைலைப் பூட்டி வைக்கிற இடம்) வராது.

வேண்டாத ஆப்பைத் தூக்கறதுக்கு மட்டும்னா ரூட்டே வேணாங்க, யுஎஸ்பி டீபக்கிங் ஆன் பண்ணி ஏடிபில (கம்ப்யூட்டர்ல இருந்து போனுக்கு கமாண்ட் அனுப்புற டூல்) ஒரு கமாண்ட் போதும், ஃபேக்டரி ரீசெட் அடிச்சா அது திரும்ப வந்துரும், அவ்ளோதான்.